ஆறாம் நம்பர் ஷூவும் நான் வைத்த பஞ்சும்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் போதும், அரைத் தூக்கத்தில் எனக்கு மனிதர்கள் அந்தரத்தில் நிற்பது தெரிகிறது. கால்சட்டை போட்ட பையன்கள், சடையை மடித்துக் கட்டிய பெண்கள், எல்லாரும் இரண்டு கையையும் தூக்கியபடி தரைக்கும் கூரைக்கும் நடுவில் நிற்பார்கள். அவர்கள் முழங்காலிலும் கணுக்காலிலும் ஒட்டியிருக்கும் வெள்ளிக் குண்டுமணிகள் மினுங்கும். யாரும் கீழே இறங்க மாட்டார்கள். நானும் இறங்கச் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்ததும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மறைந்து போவார்கள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு காபி போடப் போவேன்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கோயமுத்தூருக்கு வடக்கே ஒரு விளையாட்டு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். மனிதர்கள் குதிப்பதை அளப்பதுதான் அங்கே என் வேலை. கூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை; ஏன் என்று படிக்கிறவர்களுக்கே புரியும். போன மாதம் அங்கிருக்கும் இளசுகள் கூப்பிட்டு விட்டார்கள், புதுக் கருவி வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று. போய்ப் பார்த்தேன். மூட்டு எங்கே என்று கேமராவுக்குக் காட்ட நாங்கள் ஒட்டும் அந்த வெள்ளிக் குண்டுமணி இனி வேண்டாமாம். கேமரா தானாகவே முட்டி எது, இடுப்பு எது என்று கண்டுபிடித்துக்கொள்கிறதாம். ஷூவுக்குள் வைக்கும் மெல்லிய அட்டை ஒன்று, பாதம் எங்கே அழுத்துகிறது என்று கலர் கலராகக் காட்டுகிறது. அந்த அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இது அன்றைக்கு இருந்திருந்தால் என்று தோன்றியது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, ஆண்டு மலருக்கு உங்கள் பழைய அனுபவம் ஏதாவது சுவையாக எழுதித் தாருங்கள் அக்கா என்றாள். சுவையாக வேண்டுமாம். என்னிடம் இருப்பதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததே பெண்பிள்ளைகளால்தான். அதற்கு முன் ஒரு ஆஸ்பத்திரியில், கால் முறிந்தவர்களுக்கும் மூட்டு பிடித்தவர்களுக்கும் உடற்பயிற்சி சொல்லித் தரும் பிரிவில் உதவியாளாக இருந்தேன். எலும்பு எங்கே புடைத்திருக்கிறது, எங்கே குழி என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வேன். ஆய்வுக்கூடத்தில் அதுவரை பையன்களை மட்டுமே அளந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் இடுப்பிலும் தொடையிலும் குண்டுமணி ஒட்ட ஆள் இல்லை. ஆண்கள் ஒட்டினால் நம் ஊரில் அம்மாமார்கள் விளக்குமாற்றோடு வந்துவிட மாட்டார்களா? அதனால் புத்தகங்களில் வெளிநாட்டுப் பெண்களின் முட்டி இருந்தது, எங்கள் ஏட்டில் பக்கத்துக் காரமடைப் பையன்களின் முட்டி இருந்தது, காரமடைப் பெண்களின் முட்டி எங்கேயும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஒரு பொம்பளை வேண்டும் என்று பேராசிரியர் கந்தசாமி கேட்டு வாங்கிய ஆள் நான். மூன்று மாதத்தில் வேலை பழகிக்கொண்டேன். கம்ப்யூட்டரைத் தொட மட்டும் பயந்தேன். அதுவும் ஒரு தீபாவளி கழிவதற்குள் போய்விட்டது.

பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை, அதுதான் அவரோடு சிரமமே. வாட்ச்மேனுக்கும் ‘ங்க’, டீ கொண்டுவரும் அம்மாவுக்கும் ‘ங்க’. கருவி வேலை செய்யாவிட்டால் அதைத் தட்டிக் கொடுத்து, ‘ஏனுங்க, இன்னிக்கு என்ன கோவமுங்க?’ என்று அதனிடமும் கேட்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது. இடது கை வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைப்பார், மரியாதை ஒரு படி கூடும். ‘ரங்கநாயகிங்களே, சித்த இத மறுக்காப் பாக்கலாமுங்களா’ என்று அவர் சொன்னால், நாம் எங்கேயோ பெரிய தப்புப் பண்ணிவிட்டோம் என்று அர்த்தம். திட்டுகிற அதிகாரியிடம் வேலை பார்ப்பது சுலபம். இவரிடம் செய்த ஒவ்வொரு தப்பும் வீடு வரைக்கும் கூடவே வரும்.

காலையில் வந்ததும் பிளேட்டுக்கு எடை வைப்போம். பிளேட் என்பது தரையோடு தரையாகப் பதித்த ஒரு இரும்புத் தட்டு. அதன்மேல் நிற்பவர் எவ்வளவு பாரத்தோடு மிதிக்கிறார் என்பதைத் திரையில் கோடாகப் போடும். இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக வைத்து, அது உண்மை சொல்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பேராசிரியர் குனிந்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவர் மாதிரி கட்டியை வைப்பார். அந்த நேரம் ஜன்னல் வழியாக நீலகிரிப் பக்கத்து மேகம் தெரியும். சில நாள் மலையே இருக்காது, மேகம் மட்டும் இருக்கும். கூடத்தில் ஒரு சத்தமும் இருக்காது. அந்தக் கால் மணி நேரத்துக்காகவே நான் சீக்கிரம் பஸ் ஏறி வந்த நாட்கள் உண்டு.

குதிப்பவரின் கோடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சும்மா நிற்கும்போது கோடு நேராக ஓடும். அவர் முட்டியை மடக்கித் தாழும்போது கோடும் தாழும். உந்தும்போது மேடாக ஏறும். கால் தரையை விட்டதும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, அங்கேயே நேராகப் போகும். அந்த நேரம் பிளேட்டைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆளே உலகத்தில் இல்லை. பிறகு இறங்கும்போது ஒரு கோபுரம் எழும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கோபுரத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது நடுவில் வரும் அந்தப் பூஜ்யக் கோடு. ஒரு மூச்சு அளவுகூட இருக்காது. அதற்குள் நான் என்னென்னவோ நினைத்துவிடுவேன். இந்தப் பெண்ணுக்கு இப்போது எடை இல்லை, வீடு இல்லை, அடுப்பு இல்லை, பரீட்சை இல்லை என்று நினைப்பேன். திரையில் கோபுரம் எழுந்ததும் ஏட்டில் எழுத ஆரம்பித்துவிடுவேன்.

இப்போது ஷூவுக்கு வருகிறேன். எங்கள் பிளேட்மேல் வெளிச் செருப்பு, ஷூ எதுவும் படக் கூடாது. இடுக்கில் மண் போனால் கோடு நடுங்கும் என்பது ஒரு காரணம். நிஜக் காரணம் வேறு. ஆயுத பூஜைக்கு நாங்கள் அந்தப் பிளேட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரிகடலை படைத்துக் கும்பிடுவோம். ஒரு வருஷம் குங்குமம் இடுக்கில் இறங்கி, ஒரு வாரம் அது எல்லாரையும் ஒல்லியாகக் காட்டியது. கும்பிடுகிற பொருளை ரோட்டு ஷூவோடு யாராவது மிதிப்பார்களா? எல்லாரும் வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருவார்கள். ஆனால் பரிசோதனை வெறுங்காலில் ஒன்று, ஷூவோடு ஒன்று என்று இரண்டு விதம். ஆளுக்கு ஒரு ஷூ என்றால் ஒப்பிடவும் முடியாது. அதனால் பேராசிரியரே கடை கடையாக ஏறி, ஒரே மாதிரி ஷூக்களை ஆறாம் நம்பரிலிருந்து பத்தாம் நம்பர் வரை வாங்கி வந்து, அலமாரியில் வரிசையாக வைத்தார். அந்த வகையில் ஆறுக்குக் கீழே வரவில்லை. அதை அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. வெள்ளை ஷூக்கள், நீலக் கயிறு. வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களிடம் வந்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நாலாம் நம்பர் பாதம். முதல் பெண் ஆறாம் நம்பரில் காலை விட்டதுமே அது தொளதொளவென்று ஆடியது. நான் என்ன செய்தேன்? மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து உருட்டி விரல் பக்கம் திணித்தேன். ஒன்றுக்கு இரண்டாகக் காலுறை மாட்டினேன். கயிற்றை இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டேன். ‘எப்படி இருக்குது கண்ணு?’ என்று கேட்டேன். நல்லா இருக்குதுங்கக்கா என்றாள். அன்றிலிருந்து நாலு வருஷம் எல்லாப் பெண்களுக்கும் அதே பஞ்சு, அதே முடிச்சு. ஏட்டில் ‘ஷூவுடன்’, ‘ஷூ இல்லாமல்’ என்று இரண்டே கட்டம்தான். பஞ்சுக்குக் கட்டம் இல்லை. பேராசிரியரிடம் சொல்லவும் இல்லை. அத்தனை ஆசையாக வாங்கி வந்தவரிடம், நீங்கள் வாங்கியது பெரிசு என்று எந்த வாயால் சொல்வது?

நாலு வருஷத்தில் எங்கள் ஏடு ஒரு கதை சொல்ல ஆரம்பித்தது. பையன்களுக்கு ஷூ போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. பெண்கள் வெறுங்காலில் ஓரளவு நன்றாக இறங்குகிறார்கள். ஷூ போட்டதும் எழும்பும் உயரம் குறைகிறது, இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. முட்டி அப்படிச் சாய்ந்தால் உள்ளே இருக்கும் நார் அறுந்துபோக வாய்ப்புண்டு. பேராசிரியர் இதை வைத்து நீளமான கட்டுரை எழுதினார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அதோடு, விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் குழு எங்கள் அறிக்கையைக் கேட்டு வாங்க ஆரம்பித்தது. பந்தயத்தில் ஷூ போட்டுத்தானே ஆட வேண்டும்? ஷூவோடு முட்டி சாய்கிற பெண்ணுக்கு நாங்கள் ‘கடும் பயிற்சிக்கு உகந்தவரல்ல’ என்று எழுதுவோம். விடுதி இடம் போய்விடும். இடம் என்றால் சாப்பாடு, பயிற்சி, கல்லூரிப் படிப்பு மூன்றும்தான்.

புவனேஸ்வரி ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். காரமடைக்குப் பக்கத்து ஊர், வாலிபால் ஆடுகிறவள். அவள் அம்மா மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டியில் பாக்கு உரிக்கிற வேலை, அப்பா இல்லை. பள்ளி மைதானத்தில் வெறுங்காலில் ஆடி வளர்ந்த பெண். விடுதியில் இடம் கிடைத்தால் காலேஜ், இல்லாவிட்டால் அடுத்த வாரமே அம்மாவோடு மண்டிக்கு என்று அவளே சொன்னாள். அழுது சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். திங்கட்கிழமை தேர்வுக் குழு கூடுகிறது. குண்டுமணி ஒட்டும்போது முட்டிக்குப் பின்னால் கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்தாள். நானும் ரெண்டு போடு போட்டு நேராக நிற்க வைத்தேன்.

முதலில் வெறுங்கால். அவள் தாழ்ந்தாள், எழுந்தாள். நான் திரையைப் பார்க்க மறந்து அவளையே பார்த்தேன். மேலே போய் ஒரு கணம் யோசித்துவிட்டு இறங்கியது போல இருந்தது. இறங்கியபோது பஞ்சு மூட்டை விழுந்த சத்தம்கூட இல்லை. முட்டி இரண்டும் விரலுக்கு நேராக நின்றன. பேராசிரியர் மெல்லத் தலையாட்டினார். அடுத்து ஷூ. வழக்கம் போலப் பஞ்சு, வழக்கம் போல இரட்டை முடிச்சு. அதே பெண்தான் குதித்தாள். உயரம் குறைந்தது. இறங்கும்போது இரண்டு முட்டியும் ஒன்றையொன்று விசாரிக்கப் போகிற மாதிரி உள்ளே சாய்ந்தன. ஐந்து தடவை குதித்தாள், ஐந்து தடவையும் அப்படித்தான். பேராசிரியர் பெருமூச்சு விட்டார். நம்முடைய கட்டுரைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை என்று என்னிடம் வருத்தமாகச் சொன்னார். அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்பது எனக்கே தெரியும். எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் குண்டுமணிகளைத் தானே பிய்த்து, எண்ணி, டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு, ‘வாரேனுங்கக்கா’ என்று போனாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு, அவள் குதித்த படத்தைப் போட்டு, ஓட்டத்தை எவ்வளவு மெதுவாக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக்கினேன். அப்படிப் பார்க்கும்போது குதிப்பது குதிப்பது மாதிரி இருக்காது. தண்ணீருக்கு அடியில் ஒருத்தர் எழுந்து நிற்பது போல இருக்கும். அவள் சடையின் முடிச்சு அவிழ்ந்து மேலே மிதந்தது. கைகள் விரிந்தன. ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, திரையிலும் விழுந்தது. நான் வேலையை மறந்து அவள் மேலே இருப்பதையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். இறக்க மனசில்லை. கடைசியில் இறக்கினேன். ஷூவின் குதிகால் தரையைத் தொட்டது. தொட்டு நின்றது. ஆனால் கணுக்காலில் ஒட்டிய குண்டுமணி இன்னும் நிற்கவில்லை. அது கீழே போய்க்கொண்டே இருந்தது, போகிற போக்கில் உள்பக்கம் திரும்பியது, அதன் பின்னாலேயே முட்டியும் திரும்பியது. முதலில் ஷூ இறங்குகிறது. பிறகுதான், அதற்குள்ளே வழுக்கிக்கொண்டு, கால் இறங்குகிறது. எழும்பும் படத்தைப் போட்டேன். விரல்கள் உந்துகின்றன, ஷூ உடனே எழும்பவில்லை. உந்தல் முதலில் என் பஞ்சை அமுக்கிவிட்டு, மிச்சம்தான் தரைக்குப் போகிறது.

படத்தை நிறுத்தினேன். நாலு வருஷப் பெண்களும் ஒவ்வொருவராக என் கண்முன்னே வந்தார்கள். பேராசிரியர் பெண்களின் முட்டியைப் பற்றி எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் எழுதியது முழுக்க என் பஞ்சைப் பற்றி.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த எண்ணம் வரவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் துடியலூர் வரும் வரை அதுதான் ஓடியது. வேலை போய்விடும் என்பதைவிட, அந்த மனிதர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் பயம். ஆனால் திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்கு இடம் போய்விடும். மறுநாள் காலையில் அவர் பிளேட்டில் எடைக் கட்டிகளை வைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். படத்தையும் ஓட்டிக் காட்டினேன். அவர் இரண்டு தடவை பார்த்தார். வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“பஞ்சு எத்தன நாளா வெக்கறீங்க?”

“மொத நாள்ல இருந்துங்க சார்.”

“என்றகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே.”

“நீங்க நெம்ப ஆசையா வாங்கிட்டு வந்தீங்க சார். பெருசுன்னு சொல்ல வாய் வரலீங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு மலை தெரிந்ததா, மேகம் தெரிந்ததா, எனக்கு ஞாபகமில்லை. பிறகு, ஏட்டை எடுத்து நாலு வருஷத்துப் பெண்கள் பக்கம் ஒவ்வொன்றிலும் ‘ஷூ அளவு பொருந்தவில்லை, பஞ்சு வைக்கப்பட்டது’ என்று என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நான் எழுதி முடிக்கும் வரை அவர் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு அதை மேஜையின் அடி டிராயரில் போட்டு மூடினார். நான் ஓய்வு பெறும் வரை அது வெளியே வரவில்லை.

சாயங்காலம் நான் டவுனுக்குப் போய் நாலாம் நம்பரில் ஷூ தேடினேன். பெண்களுக்கு என்று கடைக்காரர் காட்டியதெல்லாம் நடைபயிற்சிக்குப் போகும் ரோஸ் கலர் சமாச்சாரம். ஆடுகிற ஷூ என்று அடம் பிடித்த பிறகு, பள்ளிக்கூடப் பையன்கள் பகுதியிலிருந்து ஒரு ஜோடி கொண்டுவந்தார். உங்கள் பையனுக்குங்களா என்றார். ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுப்பாளையம் பஸ் பிடித்துப் புவனேஸ்வரி ஊருக்கே போனேன். அவள் அம்மா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் குதிக்கோணுமுங்களா என்று கேட்டார். ஒரே ஒருக்கா என்றேன். அந்த அம்மா மகளைப் பார்த்தார். அவள் அதற்குள் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் பேராசிரியர் ஞாயிற்றுக்கிழமையிலும் சட்டையை உள்ளே விட்டு, எடை வைத்து முடித்துக் காத்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து புது ஷூவை அவள் காலில் மாட்டினேன். பஞ்சு இல்லை, ஒரே ஒரு காலுறை. கட்டைவிரல் நுனி எங்கே இருக்கிறது என்று அழுத்திப் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்போது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கு அந்த ஷூ அத்தன பெருசா இருந்துச்சே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா கண்ணு?”

அவள் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தாள்.

“நீங்க அத்தன பொறுமையா பஞ்செல்லாம் வெச்சுக் கட்டி உட்டீங்கக்கா. பெருசுன்னு எப்படீங்க சொல்றது?”

பேராசிரியர் காதிலும் அது விழுந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. நாலு வருஷம் அந்தக் கூடத்தில் யாரும் யார் மனதையும் புண்படுத்தவில்லை. அவர் என்னைக் கேட்கவில்லை, நான் அவரிடம் சொல்லவில்லை, பெண்கள் என்னிடம் சொல்லவில்லை. எல்லாரும் நல்லவர்களாக இருந்தே இத்தனையும் செய்துபோட்டோம்.

அவள் குதித்தாள். பூஜ்யக் கோடு நீண்டது. வெறுங்காலில் பார்த்த அதே நீளம் இல்லாவிட்டாலும், ஏறக்குறைய அது. கால் இறங்கியது, ஷூவும் கூடவே இறங்கியது. இடது முட்டி மட்டும் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்த்தது. அது நிஜம், பஞ்சு இல்லை. பெண்களின் இடுப்பு அமைப்பு, தொடை வலு இதனாலெல்லாம் அது வருவதுண்டு. பயிற்சியில் சரி செய்யலாம். பையன்கள் பொதுவாக அதிக உயரம் எழும்புகிறார்கள் என்பதும் மாறவில்லை. ஷூ சரியானதும் ஆணும் பெண்ணும் ஒன்றாகிவிட்டார்கள் என்று நான் கதை விட மாட்டேன். இருக்கிற வித்தியாசம் இருக்கிறது. இல்லாத ஒன்றை நான் கூடுதலாக வைத்துக் கட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பேராசிரியர் தானே குழுவுக்குப் போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவைச் சாத்தவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு அறிக்கை, இன்றைக்கு ஒரு அறிக்கையா, யார் செய்த தப்பு என்று உள்ளே ஒருவர் கேட்டார். ‘நான்தானுங்க. ஷூ வாங்குனது நானுங்க’ என்றார் பேராசிரியர். நான் எழுந்து உள்ளே போய், பஞ்சு வைத்தது நான் என்றேன். கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தப்பை இழுத்துக்கொண்டதில் குழுவில் இருந்தவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. புவனேஸ்வரிக்கு இடம் கிடைத்தது. ஆறு மாதத்தில் இடது முட்டியும் நேரானது. இன்றைக்கு ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறாள். என் கதையை இங்கே முடித்துக்கொண்டால் ஆண்டு மலருக்குச் சுவையாகத்தான் இருக்கும்.

ஆனால் ஏட்டில் மற்றவர்கள் இருந்தார்கள். ‘உகந்தவரல்ல’ என்று நாங்கள் எழுதி அனுப்பியவர்கள், புவனேஸ்வரிக்கு முன்னால் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் பேராசிரியர் கைப்பட கடிதம் எழுதினார், நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். சிலவற்றுக்குப் பதில் இல்லை. சிலர், பரவாயில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி நேரிலேயே வந்தாள். பெயர் தனலட்சுமி. மேட்டுப்பாளையத்தில் ஒரு தையல் கடையில் வேலை. இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. அவளுக்கு இடம் வேண்டாம், அந்த வயதெல்லாம் தாண்டிவிட்டது. சரியான ஷூவில் ஒரு தடவை குதித்துப் பார்க்க வேண்டும் என்றாள்.

பேராசிரியர் குழந்தையை வாங்கிக்கொண்டார். நான் நாலாம் நம்பரை மாட்டினேன். அவள் சுடிதார் ஷாலைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பிளேட்மேல் ஏறினாள். கோடு நேராக ஓடியது, தாழ்ந்தது, ஏறியது, பூஜ்யமானது. குழந்தை கையை நீட்டி மேலே காட்டியது. அவள் இறங்கினாள். முட்டி இரண்டும் நேராக இருந்தன. மூச்சு வாங்கிக்கொண்டே திரைக்கு வந்து, அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து முழுக்கத் தடவிப் பார்த்தாள்.

“அன்னிக்கும் நான் இப்படித்தான் எறங்கியிருப்பனுங்களாக்கா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நாலு வருஷம் அப்படி நல்ல வார்த்தை சொல்லித்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்று விழுங்கினேன்.

“தெரியாது கண்ணு. தெரிஞ்சுக்க வழியில்லாம நானே செஞ்சுபோட்டேன்.”

அவள் திரையிலிருந்து விரலை எடுத்தாள். குனிந்து கயிற்றை அவிழ்த்து, ஷூவை ஜோடியாக என் முன்னால் வைத்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு கெட்ட வார்த்தை அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் அன்று இரவு தூங்கியிருப்பேன். அவள் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என் கண்ணைப் பார்த்துவிட்டுத் தோளைத் தொட்டாள்.

“பரவால்லீங்கக்கா. மனசுல வெச்சுக்காதீங்க” என்று என்னைத் தேற்றிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.